அமெரிக்கக் கல்லூரியில் ப்ரீ-மெட்: முதலாண்டு அறிவியல் பாடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர் தன் பாடங்களைத் தானே தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் கோடையில் நடக்கும் அறிமுக முகாமில், ஆலோசகர் ஒருவரோடு சிறிது நேரம் பேசிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்து, முதல் செமஸ்டருக்கான நான்கைந்து பாடங்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மருத்துவராக விரும்பும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நேரம் போதாது. அன்று எடுக்கும் முடிவு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் எண்ணாக வந்து நிற்கும். ஆகவே முகாமுக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து திட்டமிடுங்கள்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, நேரே எம்.பி.பி.எஸ். சேர்வதைப் பார்த்து வளர்ந்த பெற்றோருக்கு இந்த ஊர் முறை முதலில் புரியாது. இங்கே முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம். அதன் பிறகே நான்காண்டு மருத்துவக் கல்லூரி. பள்ளி முடித்தவுடன் இரண்டுக்கும் சேர்த்து இடம் தரும் ஒருங்கிணைந்த திட்டங்கள் உண்டு. ஆனால் அவற்றில் இடங்கள் மிகக் குறைவு. மற்ற எல்லோரும் போகும் பாதைக்குப் பெயர்தான் ப்ரீ-மெட். அது தனிப் பட்டம் இல்லை. வரலாறு, இசை, கணினி அறிவியல் என எதில் பட்டம் பெற்றாலும், மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் குறிப்பிட்ட பாடங்களைப் படித்து முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம்.

முதலாண்டைப் பொறுத்தவரை நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வேதியியலை எந்த இடத்தில் தொடங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றப் பாடங்களை அதன் பிறகு, அதைச் சுற்றி வையுங்கள்.

கேட்கப்படும் பாடங்கள் எவை?

கல்லூரிக்குக் கல்லூரி பட்டியல் மாறும். என்றாலும் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்ப்பவை இவை: ஆய்வகத்துடன் ஓராண்டு உயிரியல், ஆய்வகத்துடன் ஓராண்டு பொது வேதியியல், ஆய்வகத்துடன் ஓராண்டு கரிம வேதியியல், ஆய்வகத்துடன் ஓராண்டு இயற்பியல், ஒரு செமஸ்டர் உயிர்வேதியியல். இவற்றுடன் ஆங்கில எழுத்துப் பயிற்சியும், புள்ளியியல் அல்லது நுண்கணிதமும் சேரும். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் ஒரு பகுதி முழுவதும் உளவியலையும் சமூகவியலையும் சுற்றியே அமைந்திருப்பதால், அவற்றின் அறிமுகப் பாடங்களையும் எடுத்துவிடுவது நல்லது.

இந்தப் பட்டியலின் வேர் 1910இல் இருக்கிறது. ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர், கார்னகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் கல்லூரி அளவில் படித்து வந்தவர்களே மருத்துவம் படிக்க வேண்டும் என்று அது வற்புறுத்தியது. 2009இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமும் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் சேர்ந்து, பாடங்களின் பெயரை விட மாணவரின் திறனைப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தன. ஸ்டான்போர்டு போன்ற சில மருத்துவப் பள்ளிகள் இன்று கட்டாயப் பாடப் பட்டியல் வைப்பதில்லை. ஆனால் ஒரு மாணவர் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார். அவற்றில் பெரும்பாலானவை பழைய பட்டியலையே கேட்கின்றன. எம்கேட்டும் அதே பாடங்களில் இருந்துதான் கேள்வி கேட்கிறது. திறன் அடிப்படையில் பார்க்கிறார்கள் என்று நம்பி எதையும் விட்டுவிட வேண்டாம்.

கடைசியில் இருந்து முதலுக்கு வாருங்கள்

ஒரு தாளை எடுத்து, பட்டம் முடிந்த அதே ஆண்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்வதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். விண்ணப்பத்தை மூன்றாம் ஆண்டு முடியும் ஜூன் வாக்கில் அனுப்ப வேண்டும். அதற்கு முன், அந்த ஆண்டின் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் எம்கேட் எழுத வேண்டும். 2015இல் மாற்றியமைக்கப்பட்ட இந்தத் தேர்வில் நான்கு பகுதிகள், 230 கேள்விகள். மதிப்பெண் 472இல் தொடங்கி 528இல் முடிகிறது. உயிர்வேதியியலின் பங்கு அதில் பெரியது. எனவே எம்கேட்டுக்கு முன் உயிர்வேதியியல் முடிந்திருக்க வேண்டும். அதாவது மூன்றாம் ஆண்டின் முதல் செமஸ்டருக்குள். உயிர்வேதியியலுக்கு முன் கரிம வேதியியல். அது இரண்டாம் ஆண்டு. கரிம வேதியியலுக்கு முன் பொது வேதியியல், அது முதலாண்டு. பொது வேதியியலில் உட்கார ஓரளவு கணிதம் கையில் இருக்க வேண்டும்.

கணிதம், பொது வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல் என்று ஒன்றின் தோளில் ஒன்று நிற்கிறது. இந்த வரிசையில் பொதுவாக எதையும் தாண்ட முடியாது. உயிரியலையும் இயற்பியலையும் அவ்வளவு நெருக்கமாக எதுவும் கட்டிப்போடவில்லை, முன்பின் நகர்த்தலாம். முதலாண்டில் வேதியியலுக்கு முதல் இடம் கொடுப்பது இதனால்தான்.

மூன்றாம் ஆண்டு முடிவிலேயே விண்ணப்பித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்பவர்களில் பெரும்பாலோர் பட்டத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் இடையில் ஓராண்டோ அதற்கு மேலோ வேலை, ஆராய்ச்சி, மருத்துவமனை அனுபவம் என்று செலவிட்டவர்கள்தான். "ஒரு வருடம் வீணாகிவிடுமே" என்று தவிக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தவிப்புதான் பல பிள்ளைகளை முதல் செமஸ்டரிலேயே மூன்று ஆய்வகப் பாடங்களுக்குள் தள்ளிவிடுகிறது.

படி ஒன்று: கணிதம் எங்கே நிற்கிறது?

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்குப் பிறகு, எந்த நிலை வகுப்பில் சேரலாம் என்று பார்க்கும் கணித நிலைத்தேர்வு வைக்கின்றன. பல இடங்களில் அலெக்ஸ் என்ற இணையவழித் தேர்வு. நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும். நுண்கணிதத்துக்கு இத்தனை, பொது வேதியியலுக்கு இத்தனை என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென எல்லை வைத்திருக்கிறது. வீட்டில் இருந்தே எழுதலாம் என்பதால், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்வோரும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அந்த மதிப்பெண் எந்த வகுப்பில் உட்கார வைக்கிறதோ, அந்த வகுப்பில் தேர்வெழுதப் போவது பிள்ளை மட்டும்தான்.

பொது வேதியியலில் தடுமாறுவோர் பலருக்கு உண்மையான சிக்கல் இயற்கணிதமும் மடக்கையும்தான். பிஎச் கணக்கு மடக்கை இல்லாமல் நடக்காது. சமநிலை மாறிலிக் கணக்கு இருபடிச் சமன்பாட்டில் போய் நிற்கும். அலகு மாற்றமும் மோல் கணக்கும் விகிதக் கணக்கே. நிலைத்தேர்வில் மதிப்பெண் குறைந்தால், முதல் செமஸ்டரைக் கணிதத்துக்குக் கொடுத்துவிட்டு, வேதியியலை இரண்டாவது செமஸ்டரில் தொடங்கலாம். இரண்டாவது பகுதியைக் கோடையில் முடித்துவிட்டால் இரண்டாம் ஆண்டில் கரிம வேதியியல் வழக்கம்போல் தொடங்கும். ஒரு நாள்கூடப் பின்தங்காத திட்டம் இது.

நுண்கணிதம் வேண்டுமா, புள்ளியியல் வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி வரும். இரண்டில் ஒன்று மட்டும் போதும் என்றால் நான் புள்ளியியலைச் சொல்வேன். எம்கேட்டில் வரைபடமும் ஆய்வுத் தரவும் படிக்கவும், பிற்காலத்தில் மருத்துவ ஆய்வுக் கட்டுரை படிக்கவும் அது வேண்டும். ஆனால் நீங்கள் எடுக்கும் பட்டத்துக்கு நுண்கணிதம் கட்டாயமாக இருக்கலாம். சில மருத்துவக் கல்லூரிகளும் கேட்கலாம். இரண்டையும் சரிபாருங்கள்.

படி இரண்டு: எந்த வேதியியல் வரிசை?

ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு மூன்று பொது வேதியியல் வரிசைகள் இருக்கும். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிர் அறிவியல் மாணவர்களுக்கு 14ஆம் எண் வரிசை, வேதியியல், பொறியியல் மாணவர்களுக்கு 20ஆம் எண் வரிசை. பெர்க்லியில் 1ஏ என்ற ஒரு செமஸ்டர் பொது வேதியியல் முடித்தவுடன் உயிரியல் மாணவர்கள் கரிம வேதியியலுக்குப் போய்விடலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலோ, நிலைத்தேர்வில் தேறியவர்கள் முதல் செமஸ்டரிலேயே கரிம வேதியியலைத் தொடங்குவது பல ஆண்டுகளாக உள்ள வழக்கம். ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன் சொன்ன வரிசையை வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கை அப்படியே பின்பற்ற முடியாது என்பதற்கு இவையே சாட்சி.

எந்த வரிசையை மருத்துவக் கல்லூரிகள் ஏற்கும் என்பதை உங்கள் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் தொழில் ஆலோசனை அலுவலகத்தில் கேளுங்கள். துறை ஆலோசகர் வேறு, இந்த அலுவலகம் வேறு. இருவரையும் பார்க்க வேண்டும். பெயரில் "அறிமுகம்" என்றோ "அறிவியல் அல்லாதோருக்கு" என்றோ இருக்கும் வேதியியல் பாடங்கள் எளிதாகத் தோன்றும். அவை பொதுவாக மருத்துவக் கல்லூரிகளின் நிபந்தனையைப் பூர்த்தி செய்வதில்லை. பள்ளியில் வேதியியலே சரியாகப் படிக்காதவர் அடித்தளம் போட அவற்றை எடுக்கலாம். அதன் பிறகும் பொது வேதியியல் காத்திருக்கும்.

பொது வேதியியலின் முதல் செமஸ்டரில் அணு அமைப்பு, பிணைப்பு, வினை விகிதக் கணக்கு, வாயு விதிகள் வரும். பள்ளியில் படித்தவை போலவே தோன்றுவதால் முதல் மூன்று வாரம் பிள்ளைகள் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். இரண்டாவது செமஸ்டரில் வினைவேகம், வேதிச் சமநிலை, அமில-காரம், வெப்ப இயக்கவியல், மின்வேதியியல். அங்கேதான் மனப்பாடம் கைவிடுகிறது. அமில-காரத்தையும் சமநிலையையும் புரிந்து படித்தவருக்குக் கரிம வேதியியல் பாதி வசப்பட்டுவிடும். பின்னாளில் இரத்தத்தில் பைகார்பனேட் என்ன செய்கிறது என்று மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதும் இதே பாடம்தான் கைகொடுக்கும். எந்தப் பாடத்தையும் கடமைக்கு முடிக்கலாம், இதை மட்டும் முடியாது.

பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் பொது வேதியியல் வகுப்பில் சில நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பலர் இங்கேதான் ப்ரீ-மெட் பாதையை விட்டு விலகுகிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அதை எதிர்கொள்ளும் வழி, அருகில் எந்தப் பாடத்தை வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

படி மூன்று: வேதியியலுக்குத் துணையாக எது?

என் கருத்து இது: முதல் செமஸ்டரில் ஆய்வகத்தோடு கூடிய அறிவியல் பாடம் ஒன்று போதும், பள்ளியில் வேதியியலும் உயிரியலும் உறுதியாகப் படித்தவர் இரண்டு வைத்துக்கொள்ளலாம், மூன்று யாருக்குமே வேண்டாம்.

நேரக் கணக்கைப் பாருங்கள். பாடத்தின் சுமையை அளக்கும் அலகு கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும், வெளியே இரண்டு மணி நேரப் படிப்பும் என்பது அமெரிக்கக் கல்லூரிகளின் அடிப்படைக் கணக்கு. 15 கிரெடிட் என்றால் வாரம் 45 மணி நேரம். ஆய்வகம் இந்தக் கணக்குக்கு அடங்காது. ஒரு கிரெடிட் ஆய்வகத்துக்கு மூன்று மணி நேரம் நின்று வேலை செய்ய வேண்டும். முன்தயாரிப்பும் அறிக்கையும் தனி. இரண்டு ஆய்வகம் வைத்தவருக்கு வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் முழுதாகப் போய்விடும். வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே தங்கி, தானே துணி துவைத்து, தானே சாப்பாடு பார்த்துக்கொள்ளும் முதல் நான்கு மாதம் இது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

உயிரியல் சில இடங்களில் பொது வேதியியலை முடித்த பிறகோ அதனுடன் சேர்த்தோதான் எடுக்க முடியும். செல், மூலக்கூறு உயிரியல் முதலில் வரும் இடங்களில் இது வழக்கம். சில இடங்களில் பரிணாமம், சூழலியல் பகுதியை முதலில் வைப்பார்கள்; அதற்கு வேதியியல் தேவைப்படாது. உயிரியலில் பட்டம் பெறப் போகிறவர் முதலாண்டிலேயே உயிரியலைத் தொடங்குவது நல்லது, ஏனெனில் அவருடைய மேல்நிலைப் பாடங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் காத்திருக்கும். மற்றவர்கள் இரண்டாவது செமஸ்டருக்கோ இரண்டாம் ஆண்டுக்கோ தள்ளலாம்.

இயற்பியலை மூன்றாம் ஆண்டு வரைகூடத் தள்ளலாம். நுண்கணித அடிப்படையில் ஒன்று, இயற்கணித அடிப்படையில் ஒன்று என இரண்டு வகை இருக்கும். பொதுவாக மருத்துவக் கல்லூரிகள் இரண்டையும் ஏற்கின்றன. பட்டத்துக்குத் தேவை இல்லாதபோது, "கடினமானதை எடுத்தால் மதிப்பார்கள்" என்று நுண்கணித இயற்பியலுக்குள் போவதால் எந்தப் பயனும் இல்லை.

உயிர்மருத்துவப் பொறியியலில் சேர்ந்து ப்ரீ-மெட்டும் படிக்க நினைப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பொறியியலில் முதலாண்டிலேயே நுண்கணிதம், இயற்பியல், வேதியியல், நிரலாக்கம் எல்லாம் கட்டாயம். நான் சொன்ன ஒன்று, இரண்டு என்ற வசதி அங்கே கிடையாது. பொறியியலில் உண்மையான ஆர்வம் இருந்தால் தாராளமாகப் போகலாம். "மருத்துவம் கிடைக்காவிட்டால் வேலைக்கு ஆகும்" என்பது மட்டும் காரணமானால், அந்தப் பட்டத்தின் மதிப்பெண்களே மருத்துவத்துக்குத் தடையாகிவிடக்கூடும்.

மிச்ச இடத்தை எழுத்துப் பயிற்சி, உளவியல், சமூகவியல், மொழி, இலக்கியம் என்று நிரப்புங்கள். எம்கேட்டின் நான்கு பகுதிகளில் ஒன்று அறிவியலே இல்லாத பத்திகளைப் படித்து ஆராய்வது. அறிவியலில் சிறந்து விளங்கும் பிள்ளைகள் பலர் அதில்தான் சறுக்குகிறார்கள். முதலாண்டில் ஒரு தத்துவ வகுப்போ இலக்கிய வகுப்போ எடுப்பதை வீண் என்று நினைக்கும் பெற்றோர், அந்தப் பகுதியின் மாதிரிக் கேள்வித்தாளை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

படி நான்கு: ஏ.பி. மதிப்பெண்களை என்ன செய்வது?

ஏ.பி. என்பது பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடம் படித்து எழுதும் தேர்வு. தமிழ்க் குடும்பங்களில் அதிகம் விவாதிக்கப்படுவது இதுதான். உயிரியல், வேதியியல், நுண்கணிதம் மூன்றிலும் ஐந்துக்கு ஐந்து வாங்கிய பிள்ளை, அவற்றை வைத்து ஓராண்டையே தாண்டிவிடலாம் என்று நினைக்கிறது. கல்லூரி கிரெடிட் தரும், பட்டத்துக்கும் எண்ணும். ஆனால் மருத்துவக் கல்லூரிகள் பலவிதம். சில ஏற்கின்றன. சில, அதே துறையில் மேல்நிலைப் பாடம் படித்திருந்தால் மட்டும் ஏற்கின்றன. சில ஏற்பதே இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் எம்சார் என்ற தகவல் தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் கொள்கையையும் பார்க்கலாம். உங்கள் மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளை முதலில் பாருங்கள். மாநிலவாசிகளுக்கு அவை முன்னுரிமை தருவதால் இடம் கிடைக்கும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். டெக்சஸில் அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 90 சதவீதம் மாநிலவாசிகளுக்கு என்பது சட்டமே.

பாடவாரியாக என் பரிந்துரை இப்படி. நுண்கணிதத்தில் ஏ.பி. கிரெடிட்டை ஏற்றுக்கொண்டு, கல்லூரியில் புள்ளியியல் எடுங்கள். உயிரியலில் ஏற்றுக்கொண்டால், மரபியல், செல் உயிரியல், உடலியங்கியல் போன்ற மேல்நிலைப் பாடங்களை ஆய்வகத்தோடு எடுத்து அந்த இடத்தை நிரப்புங்கள். ஆனால் முதல் செமஸ்டரிலேயே மேல்நிலை உயிரியலில் மூன்றாமாண்டு மாணவர்களோடு போட்டியிட வேண்டாம். வேதியியலில் மட்டும் கிரெடிட்டை விட்டுக்கொடுத்து, கல்லூரியில் மீண்டும் முதலில் இருந்து எடுப்பதையே நான் விரும்புவேன். கரிம வேதியியலுக்குள் அடித்தளம் ஆடாமல் போகலாம். படித்த பாடத்தில் நல்ல கிரேடும் ஆய்வகப் பயிற்சியும் கிடைக்கும். மிச்சிகன் போல, துறையே நிலைத்தேர்வு வைத்துக் கரிம வேதியியலுக்கு அனுப்பும் இடங்களில் துறையின் சொல்லைக் கேட்கலாம். ஏ.பி. கிரெடிட்டை விட்டால் பட்டம் தள்ளிப்போகுமா, உதவித்தொகை விதிகள் குறுக்கே வருமா என்பதைப் பதிவு அலுவலகத்தில் உறுதி செய்யுங்கள்.

பள்ளியில் படிக்கும்போதே சமுதாயக் கல்லூரி எனும் உள்ளூர் ஈராண்டுக் கல்லூரியில் கிரெடிட் வாங்கிய பிள்ளைகள் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. ஏ.பி. தேர்வு மதிப்பெண் ஜி.பி.ஏ.வில், அதாவது 4.0க்குக் கணக்கிடும் கிரேடு சராசரியில், சேராது. ஆனால் கல்லூரிப் பாடமாகப் படித்தது பதினாறு வயதில் படித்ததாக இருந்தாலும் விண்ணப்பத்தின் ஜி.பி.ஏ.வில் சேரும். அங்கே வாங்கிய "சி"யும் சேரும்.

கிரேடு கணக்கு எப்படி நடக்கிறது?

இந்த ஊரில் மருத்துவத்தின் முதல் பட்டமே எம்.டி. அதைத் தரும் பெரும்பாலான கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் ஆம்காஸ். அது உங்கள் பல்கலைக்கழகம் போட்ட ஜி.பி.ஏ.வை அப்படியே எடுத்துக்கொள்ளாது. எல்லாப் பாடங்களையும் தன் அளவுகோலில் மீண்டும் கணக்கிடும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்துத் தனியாக ஓர் அறிவியல் ஜி.பி.ஏ. போடும். புள்ளியியல் கணிதத்தில் சேரும், உளவியல் சேராது. ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய கிரேடு மறையாது, இரண்டும் சேரும். ஏ பிளஸுக்கும் 4.0தான்.

முதலாண்டின் எடை எவ்வளவு? 120 கிரெடிட் பட்டத்தில் முதலாண்டு 30 கிரெடிட்டில் 3.0 வாங்கியவர், மீதி 90 கிரெடிட்டிலும் 3.8 வாங்கினால் முடிவில் 3.6. முதலாண்டில் 3.7 வாங்கியவர் அதே உழைப்பில் 3.78க்கு அருகில் நிற்பார். 2023இல் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. சுமார் 3.77. அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 52,000 பேர். இடம் பெற்றவர்கள் 23,000 பேர். முதலாண்டில் சரிந்தவர் மேலேறி வந்தால் தேர்வுக் குழுக்கள் அந்த ஏற்றத்தையும் பார்க்கின்றன. ஆனால் தெரிந்தே சரிவுக்குள் இறங்க வேண்டிய அவசியம் இல்லை.

கட்டாயப் பாடங்களைத் தேர்ச்சி, தோல்வி என்ற முறையில் எடுக்காதீர்கள். ஏ, பி போன்ற எழுத்துக் கிரேடு வேண்டும் என்று மருத்துவக் கல்லூரிகள் பொதுவாக எதிர்பார்க்கின்றன.

மூன்று மாணவர்கள், மூன்று அட்டவணைகள்

நுண்கணிதத்துக்குத் தயாராக இருக்கும், பள்ளி வேதியியல் உறுதியாக உள்ள மாணவி: முதல் செமஸ்டரில் பொது வேதியியலும் ஆய்வகமும் 4, உயிரியலும் ஆய்வகமும் 4, எழுத்துப் பயிற்சி 3, உளவியல் 3, மொத்தம் 14. இரண்டாவதில் வேதியியலும் உயிரியலும் தொடரும்; புள்ளியியல் 3, வரலாறு, இலக்கியம் போன்ற பிடித்த மனிதவியல் பாடம் ஒன்று 3.

நிலைத்தேர்வில் கணிதம் குறைந்த மாணவர்: முதலில் நுண்கணிதத்துக்கு முந்திய கணிதம் 4, எழுத்துப் பயிற்சி 3, உளவியல் 3, சமூகவியல் 3, மொத்தம் 13. இரண்டாவதில் பொது வேதியியல் முதல் பகுதி 4, புள்ளியியல் 3, இரண்டு மனிதவியல் பாடங்கள். கோடையில், முடிந்தால் தன் பல்கலைக்கழகத்திலேயே, வேதியியல் இரண்டாம் பகுதி. சமுதாயக் கல்லூரியில் எடுக்க நினைத்தால் கிரெடிட் மாறுமா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோடை வகுப்பு சில வாரங்களில் முடிந்துவிடும். நாள்தோறும் படிக்க முடிந்தவருக்கே அது ஏற்றது.

மூன்று ஏ.பி.யிலும் ஐந்து வாங்கிய மாணவி: பொது வேதியியலும் ஆய்வகமும் 4, எழுத்துப் பயிற்சி 3, புள்ளியியல் 3, மொழிப் பாடம் 4, மொத்தம் 14. எளிதாகத் தோன்றும் இந்த அட்டவணையில் கிடைக்கும் நேரத்தில் ஓர் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேரவோ மருத்துவமனையில் தொண்டு செய்யவோ முடியும். அவையும் விண்ணப்பத்தில் கேட்கப்படுபவையே.

காலாண்டு முறை உள்ள இடங்களில் இந்த அட்டவணைகள் அப்படியே பொருந்தாது. ஸ்டான்போர்டும், பெர்க்லியும் மெர்செடும் தவிர்த்த கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களும் காலாண்டு முறையில் நடக்கின்றன. பத்து வாரத்தில் ஒரு பாடம் முடியும். மூன்றாவது வாரத்திலேயே முதல் தேர்வு வந்துவிடலாம். அங்கே முதல் காலாண்டில் ஒரே ஓர் ஆய்வக அறிவியல் என்பதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்த பிறகு

பாடங்களைச் சேர்க்கவும் விடவும் முதல் ஓரிரு வாரம் அவகாசம் உண்டு. பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி, தேர்வுத் தேதிகளை ஒரே நாட்காட்டியில் எழுதுங்கள். இரண்டு அறிவியல் தேர்வுகள் ஒவ்வொரு முறையும் ஒரே வாரத்தில் விழுந்தால், ஒரு பாடத்தை வேறு பிரிவுக்கு மாற்ற அதுவே நேரம். பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்கு முதல் வாரத்திலேயே ஒருமுறை போய் வாருங்கள். நம் பிள்ளைகள் பலர் தெரியாததைக் கேட்கக் கூச்சப்பட்டுத் தேர்வு வரை தள்ளிப்போடுகிறார்கள். கடினமான பாடங்களுக்கு, முன்பு அதைப் படித்துத் தேறிய மாணவரே நடத்தும் துணை வகுப்புகள் பல கல்லூரிகளில் உண்டு. 1973இல் கன்சாஸ் சிட்டியில் உள்ள மிசூரி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை அது, கட்டணம் இல்லை. மதிப்பெண் குறைந்த பிறகு போகாமல் முதல் வாரத்தில் இருந்தே போக வேண்டும்.

முதல் தேர்வில் மதிப்பெண் விழுந்தால் உடனே பாடத்தை விட வேண்டாம். எந்த வகைக் கேள்வியில் தவறினோம் என்று பாருங்கள், பேராசிரியரைச் சந்தியுங்கள், இரண்டாவது தேர்வு வரை காத்திருங்கள். அதுவும் விழுந்து, "பி" கூட எட்டாது என்று தெரிந்தால், கடைசித் தேதிக்குள் விலகிக்கொள்ளலாம். விலகியதற்கான "டபிள்யூ" ஜி.பி.ஏ.வில் சேராது. ஒன்று இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பல இருந்தால் கேள்வி வரும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் இங்கே கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 12 கிரெடிட்டுக்குக் கீழே போவதானால் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதியை முன்பே பெற வேண்டும். இல்லாவிட்டால் விசா நிலையே கெடும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகள் 21 வயதில் அந்த நிலையை இழந்து, பலர் எஃப்-1க்கு மாறுகிறார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பல, குடியுரிமையோ, நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் பச்சை அட்டையோ இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை. பச்சை அட்டைக்கு நெடுங்காலம் காத்திருக்கும் குடும்பங்கள், எந்தக் கல்லூரிகள் ஏற்கின்றன என்ற பட்டியலை முதலாண்டிலேயே எடுத்துவைத்து, அவை கேட்கும் பாடங்களைத் திட்டத்தில் முதலில் சேர்க்க வேண்டும்.

அடுத்த செமஸ்டருக்கான பதிவு அக்டோபர் முடிவிலோ நவம்பரிலோ திறக்கும். அப்போது கையில் ஒன்றிரண்டு தேர்வு மதிப்பெண்கள் இருக்கும். வேதியியலில் "ஏ"யோ "பி பிளஸ்"ஸோ தெரிந்தால் வேதியியல் இரண்டாம் பகுதிக்குத் துணையாக உயிரியலைச் சேருங்கள். "பி"யில் ஊசலாடினால் வேதியியலை மட்டும் வைத்துக்கொண்டு உயிரியலை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளுங்கள். "சி"யானால் இரண்டாம் பகுதிக்குப் போகும் முன் ஆலோசகரைப் பார்த்து, எந்த அத்தியாயங்கள் ஓட்டையாக இருக்கின்றன என்று கண்டுபிடித்து, குளிர்கால விடுமுறையில் அவற்றை மட்டும் உட்கார்ந்து படியுங்கள்.